தோட்டப்புறமும் தடுப்பூசியும்

பதுளை நகரிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லும் மலைப்பாதைகளின் இருமருங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. அங்குள்ள லயங்களில் வாழும் தாய் ஒருத்தி, தன் பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவிக்க இசைவதும் தயங்குவதும் எவற்றால் நிகழ்கின்றன? கல்விக் குறைவே காரணம் என்று சொல்லி இவ்வினாவை முடித்துவிடுவோர் பலர். விடை அத்துணை எளிதன்று.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இலங்கையில் அம்மைப்பால் குத்துதல் 1802ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. 1886இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. பிற்காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமிலே சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். அவர்களின் சம்மதத்தைக் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவில்லை. ஆகவே, அம்மக்களிடம் ஊசியானது மருந்தாக வருமுன் கட்டளையாக வந்தது.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, மாரியம்மன் வந்திருக்கின்றாள் என்று நோன்பு காத்த வழக்கமும் உண்டு. இதனைக் காட்டி மூடநம்பிக்கையே தடை என்பாருமுளர். ஆனால், 1980இல் உலகினின்றும் பெரியம்மை ஒழிந்ததென அறிவிக்கப்பட்டபோது, அம்மன் திருவிழாவிற் காவடி எடுத்த கைகளிலேயே அம்மை குத்திய தழும்பும் இருந்தது. பக்தியும் ஊசியும் ஒரே வீட்டிற் குடியிருக்கக் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் நம் நாட்டில் தொடங்கிற்று. இன்று குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் அதனாற் காக்கப்படுகின்றனர். ஊசியை அறவே மறுக்கும் தாயைக் காண்பது அரிது. நாள் தவறும் தாயைக் காண்பது அத்துணை அரிதன்று. கிளினிக் நாளிலே மலைக்குக் கொழுந்து பறிக்கச் செல்லாவிடின் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேற் சம்பளமும் இல்லை. மழைக்காலத்தில் வழுக்கும் பாதையிலே கைக்குழந்தையுடன் இறங்க வேண்டும். அங்கே உள்ளவர் தமிழ் அறியாதவராயின், கேட்க விரும்பியதைக் கேளாமலே திரும்ப வேண்டும். இத்தடைகளை அறியாமை என்று பெயரிட்டு அழைத்தல் நீதியாகாது. பிள்ளை மடுவத்திலேயே ஊசி போடப்படுமாயின் இவற்றுட் பாதி அன்றே மறையும்.

அச்சத்திற்கும் காரணம் உண்டு. ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் காயும். "இன்றிரவு உடம்பு சுடலாம், அஞ்ச வேண்டாம், அம்மா" என்று மருத்துவமாது முன்கூட்டியே சொல்லியிருந்தால், தாய் அதனை எதிர்பார்த்திருப்பாள். சொல்லாவிடின், ஊசியே நோயைத் தந்தது என்று எண்ணுவாள். அடுத்த லயத்திற்கும் அச்செய்தி சென்றுவிடும். 2009இல் தென்னிலங்கையில் ருபெல்லாத் தடுப்பூசி பெற்ற பாடசாலை மாணவி ஒருவர் இறந்த செய்தி, நாடெங்கும் பெற்றோரைக் கலங்கச் செய்தது. அத்தகைய வேளைகளில் மௌனம் வதந்திக்கு உரமாகும். நடந்ததை ஒளியாது கூறுதலே அதற்கு மாற்று.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017இல் ஆறாந் தர மாணவியருக்கென அறிமுகப்படுத்தப்பட்டது. "ஆளாகாத பிள்ளைக்கு இது எதற்கு? நாளைக்குப் பிள்ளைப்பேற்றைக் கெடுக்குமோ?" என்று தாய்மார் வினவுதல் இயல்பே. அந்நோய்க்குக் காரணமான வைரஸ் உடலுறவினால் தொற்றுவது. தொற்றுமுன் போட்டாலே ஊசி நன்கு பயன்தரும். அது மகப்பேற்றைக் கெடுப்பதில்லை. கருப்பையைக் காக்கவே வந்தது. இவ்விளக்கத்தைத் தாய்க்கு மட்டுமன்றி, வயதுக்கேற்ற சொற்களில் அச்சிறுமிக்கும் கூறுதல் வேண்டும்.

இளைஞரின் தயக்கம் வேறு வகையினது. 2021இல் கொரோனாத் தடுப்பூசி அவர்களுக்கு வழங்கப்பட்டபோது, மலட்டுத்தன்மை உண்டாகும் என்ற பொய்ச்செய்தி கைத்தொலைபேசி வழியே பரவிற்று. வெளிநாடு செல்ல விரும்பியோர் சிலர், அந்நாடுகள் ஏற்கும் ஊசிக்காகக் காத்திருந்தனர். முன்னது அச்சம், பின்னது பிழைப்பைப் பற்றிய கணக்கு. இரண்டிற்கும் ஒரே மறுமொழி பொருந்தாது.

இவற்றையெல்லாம் ஏன் ஆராய வேண்டும்? 2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2023இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டிற்று. ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தை, வழமையான அட்டவணைப்படி அதற்குரிய ஊசியைப் பெறும் வயதை அடைந்திராது. சுவரோடு சுவர் ஒட்டிய லய வீட்டில் அக்குழந்தைக்கு அரணாவார், ஊசி பெற்ற அயலாரே.

ஆதலால், நேயர்களே, ஐயமுற்ற தாயை ஏளனஞ் செய்யாதிருப்போம். அவள் கேட்கும் கேள்விக்கு அவள் மொழியிலே விடை கூறுவோம். அவள் இழக்கும் அரைநாட் கூலியையும் எண்ணிப் பார்ப்போம். ஊசி போடச் சில நொடிகள் போதும்; அதற்குக் கையை நீட்டச் செய்யும் நம்பிக்கையை வளர்க்கவோ பல ஆண்டுகள் வேண்டும்.