ஞாயிற்றுக்கிழமையின் எடை

ஒருகொடவத்தைச் சந்தியில் கண்டெய்னர் லொறிகள் வழியை அடைக்குமுன் மாளிகாவத்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தேசிய சிறுநீரக வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. டயலிசிஸ் செய்ய வருபவர் கட்டிலில் ஏறுமுன் தராசில் ஏறுவார். போன தடவை 58 கிலோவோடு வீடு திரும்பியவர் இன்று 61 காட்டினால், கூடிய மூன்றும் சதையல்ல, தண்ணீர்.

சிறுநீர் பிரியாத உடம்பில் பிளேன்டீயும் சொதியும் வேறெங்கே போகும்? கால் வீங்கும். இரத்த அளவு கூடும். அதைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடிக்கும். ஒரு கட்டத்தில் அதுவும் களைத்துப்போக, தேங்கிய நீர் நுரையீரலுக்குள் கசியும். சிறுநீரக நோயாளியின் உயிரை இறுதியில் பறிப்பது பெரும்பாலும் சிறுநீரகமல்ல, இதயந்தான். 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடர் டயலிசிஸைத் தொடங்கிய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ். அதற்குப்பின் பதினோரு ஆண்டு வாழ்ந்தார், மாரடைப்பில் இறந்தார்.

மாரடைப்பென்றால் கொழுப்பைக் குறைக்கும் குளிசை போதாதா? ஜெர்மனியில் டயலிசிஸ் செய்துவந்த 1,255 நீரிழிவு நோயாளரிடம் அதைச் சோதித்தார்கள். 2005இல் வெளிவந்த முடிவு ஏமாற்றமளித்தது. கொழுப்பு நன்றாகவே இறங்கியது. இதய ஆபத்து குறிப்பிடும்படி குறையவில்லை. இங்கே கொழுப்பைவிடப் பெரிய எதிரிகள் உண்டு: நீர், பொற்றாசியம், பொஸ்பரசால் சுண்ணாம்பேறி இறுகும் குழாய்கள்.

கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலாவுக்கும் ஒரு விலை உண்டு. விரல் வைத்தால் அது மோட்டார்போல அதிரும். அந்தக் குறுக்குவழியில் பாயும் இரத்தத்தையும் சேர்த்தே இதயம் இறைக்க வேண்டும். நுரையீரல் நாடியில் அழுத்தம் ஏற அதுவும் ஒரு காரணம்.

நுரையீரலில் நீர் சேர்வது வெளியே தெரியாமலும் இருக்கும். இத்தாலியில் 392 டயலிசிஸ் நோயாளரின் நெஞ்சை அல்ட்ராசவுண்டில் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. கணிசமாக நீர் கோத்திருந்தவர்களிற் பலருக்கு மூச்சிரைப்பே இல்லை. மிகக் கடுமையாகக் கோத்திருந்தவர்களுக்கோ மரண அபாயம் நான்கு மடங்குக்கு மேல்.

வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் என்ற கணக்கில் எங்காவது ஓரிடத்தில் இரண்டு நாள் இடைவெளி விழும். திங்கள், புதன், வெள்ளி வருபவருக்கு அது சனி, ஞாயிறு. கல்யாண வீடும் புரியாணியும் வரும் நாட்களும் அவையே. அமெரிக்காவில் 32,000 பேரின் பதிவுகளைப் பார்த்த 2011 ஆய்வின்படி, அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளில் மரணம் ஆண்டுக்கு 100 பேருக்கு 22.1 என்ற வேகத்தில் நிகழ்ந்தது. மற்ற நாட்களில் 18.0.

தண்ணீரை அளந்து குடியுங்கள் என்பது பாதி அறிவுரைதான். எட்டு கிராம் உப்பு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரை உடம்பில் பிடித்துவைக்கும். கருவாடும் அச்சாறும் தட்டில் இருக்கையில் தாகத்தோடு சண்டைபிடித்து யார் வென்றார்கள்?

திங்கட்கிழமை காலை, தராசிலிருந்து இறங்குபவரிடம் தாதி முதலில் கேட்க வேண்டியது எண்ணை அல்ல. “ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுத்தீங்க ஐயா?” ஒன்று என்றால் நல்லது. மூன்று என்றால், அல்லது கதிரையிலேயே சாய்ந்து தூங்கினேன் என்றால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்; டொக்டரை உடனே கூப்பிட வேண்டும்.