டிக்கெட் விற்றால் தான் ராஜா வேஷமா?

கோடை விடுமுறையில், என் மகளை நாடகப் பயிற்சி வகுப்பில் சேர்த்தேன். கட்டணம் போக, டிரஸ், மேக்கப்புக்கும் தனியாகப் பணம் வாங்கினர். போதாக்குறைக்கு, பிள்ளைகள் தலைக்குப் பத்து டிக்கெட் விற்கணுமாம். அதிகம் விற்ற பிள்ளைக்கு ராஜா வேஷம். என் மகளுக்கு மரம்! வசன உச்சரிப்பு கூட சொல்லித் தரவில்லை. 'நம்மகிட்ட காசு இல்லாததாலயாம்மா நான் மரம்?' என்று கேட்கிறாள்.

மதுரையில், 1918ல் சங்கரதாஸ் சுவாமிகள் துவக்கிய, 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வும் டிக்கெட் போட்டு நாடகம் நடத்தியது தான். ஆனால், சிறுவர்களுக்குச் சோறு போட்டு, பாட்டும், வசனமும் கற்றுக் கொடுத்தே மேடையேற்றினர். டி.கே.எஸ்., சகோதரர்கள் அங்கு பயின்றவர்களே!

தாய்மார்களே... பணம் கட்டும் முன், ஒருநாள் வகுப்பை நேரில் பாருங்கள். வேஷத்தை எதை வைத்துக் கொடுப்பீர்கள் என்றும் கேட்டு விடுங்கள்!