நரியையே பார்க்காத சுண்டெலி, நரி வாசனைக்கு நடுங்குவது ஏன்?

ஆய்வகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த சுண்டெலி அது. அதன் அம்மா, பாட்டி யாருமே நரியைக் கண்டதில்லை. ஆனாலும் நரியின் கழிவில் இருக்கும் டிஎம்டி என்ற வேதிப்பொருளில் ஒரு துளியை உள்ளே வைத்தால் போதும். எலி அப்படியே உறைந்து நின்றுவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காத இந்தப் பயம் எங்கிருந்து வருது?

மூக்கில் இருந்து மூளைக்குப் போகும் ‘வயரிங்’கில்தான் விஷயம் இருக்கிறது.

வாசனை மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். இவற்றை உருவாக்கும் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-ல் எலிகளிடம் கண்டுபிடித்தார்கள். 2004-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. சுண்டெலிக்குச் சுமார் 1,000 வகை ஏற்பிகள் உண்டு. நமக்குச் சுமார் 400தான்.

சுண்டெலியின் மூக்கில் பல லட்சம் நரம்பு செல்கள் உள்ளன. ஒவ்வொரு செல்லும் இந்த ஆயிரத்தில் ஒரே ஒரு ஏற்பியை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஒரே ஏற்பி கொண்ட செல்கள் பக்கத்து பக்கத்திலும் இருக்காது, மூக்குக்குள் சிதறிக் கிடக்கும். ஆனால், அவை அனுப்பும் நரம்பு இழைகள் மூளையின் முன்பகுதியில் உள்ள முகர்வுக் குமிழுக்கு வந்ததும், பெரும்பாலும் குமிழுக்கு இரண்டே புள்ளிகளில் ஒன்றுகூடிவிடுகின்றன. இந்தப் புள்ளிக்குப் பெயர் குளோமெருலஸ். 1996-ல் ஆக்செலின் ஆய்வகத்தில், ஒரே ஒரு ஏற்பியின் செல்கள் மட்டும் நீல நிறமாகும்படி எலிகளை மாற்றியமைத்து இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். வழிகாட்டுவது யார்? ஓரளவுக்கு அந்த ஏற்பியேதான். ஏற்பியை மாற்றிவிட்டால் இழை போய்ச் சேரும் இடமும் மாறுகிறது!

சரி, பயத்துக்கு வருவோம். 2007-ல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குமிழின் மேற்பகுதிக்கு இழை அனுப்பும் செல்களை மட்டும் நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளுக்கு டிஎம்டி வாசனை நன்றாகவே தெரிந்தது. பயிற்சி கொடுத்தால் அதைத் தவிர்க்கவும் கற்றுக்கொண்டன. ஆனால் பிறவிப் பயம் மட்டும் போயே போச்சு. அதாவது, பிறவியிலேயே வரும் பயத்துக்கு ஒரு பாதை, அனுபவத்தில் கற்றுக்கொள்வதற்கு வேறு பாதை.

குமிழைத் தாண்டியும் இந்த வித்தியாசம் தொடர்கிறது. 2011-ல் வெளியான ஆய்வுகளின்படி, உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா பகுதிக்குப் போகும் இழைகள் அதனதன் இடத்தில் ஒழுங்காகச் சேர்கின்றன. வாசனையை அடையாளம் காண உதவும் பிரிஃபார்ம் புறணியிலோ அந்த ஒழுங்கே இல்லை, கலைத்துப் போட்ட மாதிரி பரவிக் கிடக்கின்றன. எந்த வாசனைக்கு என்ன அர்த்தம் என்பதை அங்கே அனுபவம்தான் எழுதுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூக்கின் நரம்பு செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கின்றன. ஒவ்வொரு புது இழையும் பழைய விலாசத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். நரம்பை வெட்டிவிட்டால் திரும்ப வளரும் இழைகளில் சில தப்பான குளோமெருலஸில் போய் இணைகின்றன. கொரோனாவுக்குப் பிறகு சிலருக்குக் காபி வாசனையே குமட்டியதே, அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் இதுவும் ஒன்று.

பட்டை வாசனையையும் ஸ்ட்ராபெர்ரி வாசனையையும் பிரித்தறியப் பழகிய ஹாம்ஸ்டர்களின் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். நரம்பு மீண்டும் வளர்ந்தது, வாசனையும் தெரிந்தது. ஆனால் எது எது என்ற பழைய பாடம் செல்லுபடியாகவில்லை. முதலில் இருந்து பயிற்சி கொடுத்த பிறகே அவை மறுபடியும் பிரித்தறிந்தன.