உயரமானியும் ஏழு கன்னியர் மலை விபத்தும்

மாணவர்களே, உயரம் அதிகரிக்க வளியமுக்கம் குறையும். இதைக் கொண்டே விமானத்தின் உயரமானி உயரத்தைக் காட்டுகிறது. அவ்வுயரத்தை விமானி கட்டுப்பாட்டு நிலையத்துக்கு வானொலியில் அறிவிப்பார்.

அறிவித்த உயரம் இரு வகையில் ஆபத்தாகலாம்.

1. அமுக்கப் பிழை: உயரமானியில் பதியும் அமுக்க அளவு 1 மில்லிபார் தவறினாலும் சுமார் 30 அடி வேறுபடும்.

2. இடப் பிழை: அறிவிக்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து கணிக்கப்படுவது, கீழேயுள்ள தரையிலிருந்து அன்று. கடலோரக் கட்டுநாயக்கவுக்கு 5,000 அடி போதிய உயரம். ஆனால் ஹட்டன் நகரின் தரையே 4,000 அடிக்கு மேல். பீதுருதாலகால 8,281 அடி.

உதாரணம்: 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் டி.சி.-8 விமானம், நோட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. விமானத்திலிருந்த 191 பேரும் உயிரிழந்தனர். இறங்குவதற்கு அனுமதி பெற்றே அது இறங்கியது. ஆயினும் விமானிகள் தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்து, கட்டுநாயக்கவை நெருங்கிவிட்டதாக எண்ணி மலைநாட்டின் மேலேயே தாழ்ந்துவிட்டனர்.

நினைவிற் கொள்க: இடம் தெரியாத உயரம் பாதுகாப்புத் தராது. பரீட்சையிலும் "உயரம் 4,000 அடி" என்று நிறுத்தாதீர்கள். "கடல் மட்டத்திலிருந்து" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.