இசைத்தட்டின் சில விநாடிகள்

1969-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்க நாட்டுச் சின்சினாட்டி நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், ஜேம்ஸ் பிரவுன் என்னும் புகழ்மிக்க கறுப்பினப் பாடகர் தம் குழுவினரோடு ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, பாட்டு நெடுந்தூரம் சென்று முடிவை நெருங்கும் வேளையில், மற்ற வாத்தியங்களெல்லாம் ஓய்ந்து நிற்க, கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு என்ற டிரம்ஸ் கலைஞர் மாத்திரம் தனியே ஏறக்குறைய 20 விநாடி வாசித்தார். 'ஃபங்கி டிரம்மர்' என்ற அந்தப் பாட்டு மறு ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. பிரவுனின் பெரிய வெற்றிகளுள் ஒன்றாக அக்காலத்தில் அது எண்ணப்படவில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, நியூயார்க் நகரத்து இளைஞர்கள் அந்தத் தனி வாசிப்பை இசைத்தட்டிலிருந்து எடுத்துத் தங்கள் பாட்டுகளுக்கு அஸ்திவாரமாக இட்டார்கள்; இன்று அந்தச் சில விநாடிகளின் மீது எழுந்து நிற்கும் பாடல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பாட்டின் ஆசிரியராகத் தம் பெயர் பதிவாகாத காரணத்தால், அவற்றின் ராயல்டியில் பங்கு கேட்கும் பாத்தியதை இல்லாமலேயே ஸ்டபிள்ஃபீல்டு 2017-ஆம் ஆண்டில் காலமானார்.

பழைய இசைத்தட்டின் துண்டிலிருந்து புதுப் பாட்டு ஆக்கும் இக்கலையின் அழகு, அது சுமக்கும் கடன் ஆகிய இரண்டும் இந்த ஒரு சரித்திரத்திலேயே அடங்கியிருக்கின்றன. ஹிப்ஹாப் என்று உலகமெங்கும் வழங்கும் சங்கீதத்தில், பாடுபவர் சொற்களைத் தாளக்கட்டோடு விரைந்து சொல்லிச் செல்ல, அச்சொற்களைத் தாங்கி நிற்கும் வாத்திய இசைக்குப் 'பீட்' என்று பெயர். முன்பே ஒலிப்பதிவான ஓர் இசைத்தட்டிலிருந்து சிறு பகுதி ஒன்றை எடுத்து, அதைத் துண்டித்து, வரிசை மாற்றி, வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ, திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து பீட்டை அமைப்பதே அதன் பழைய முறை. எடுத்த பகுதியைச் 'சாம்பிள்' என்றும், அது சுழன்று சுழன்று வருவதை 'லூப்' என்றும் சொல்கிறார்கள். ஒரு கைப்பேசியும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியும் இருந்தால் இன்று எவரும் இதைத் தொடங்கிவிடலாம். ஆகையினால்தான், கருவியைப் பற்றி விசாரிக்கும் முன்னே செவியைப் பழக்க வேண்டும் என்று ஆரம்ப மாணாக்கருக்குச் சொல்ல வேண்டியதாகிறது.

இது செவியிலிருந்து பிறந்த கலை என்பதற்கு அதன் பிறப்பே சாட்சி. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில், சிண்டி காம்ப்பெல் என்ற பெண் பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத் துணிமணிக்குப் பணம் சேர்ப்பதற்காக ஒரு நடன விருந்து நடத்தினாள். இசைத்தட்டுகளைப் போட்டவர், ஜமெய்க்காவில் பிறந்து அங்கே குடியேறியிருந்த அவளுடைய தமையன் கிளைவ், அதாவது கூல் ஹெர்க். ஆடுபவர்கள் பாட்டின் எல்லாப் பகுதியிலும் ஒரே உற்சாகத்தோடு ஆடுவதில்லை என்பதையும், பாட்டு நின்று டிரம்ஸ் மாத்திரம் ஒலிக்கும் இடைவெளிக்காகவே பலர் காத்திருக்கிறார்கள் என்பதையும் அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றொன்றில் அதையே தொடங்கி, சில விநாடிகளைப் பல நிமிஷங்களாக அவர் நீட்டினார். அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இசைத்தட்டின் மேல் மெழுகுக் குச்சியால் அடையாளமிட்டு, ஊசி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் துல்லியமாக்கினார். சாம்பிள் எடுக்கும் யந்திரங்கள் வந்தது இதற்கெல்லாம் பிறகு.

அந்த யந்திரங்களுள், 1987-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த எஸ்.பி.-1200 என்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் ஞாபகத்தில் மொத்தம் 10 விநாடி ஒலிக்கே இடம் உண்டு; அதிலும் ஒரு துண்டு இரண்டரை விநாடிக்கு மேற்படக் கூடாது. நிமிஷத்துக்கு 96 அடி என்ற வேகத்தில் செல்லும் பாட்டில், நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் சரியாக இரண்டரை விநாடி. அதைவிட மெதுவான பாட்டாக இருந்தால் ஓர் ஆவர்த்தனம்கூட முழுமையாக உள்ளே அடங்காது. இந்த நிர்ப்பந்தத்தை அக்காலத்து இளைஞர்கள் வென்ற விதம் மிகவும் ரசிக்கத்தக்கது: நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றும் மூன்றில் ஒரு பங்கும் என்ற வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு, விரைவாக ஒலித்த அந்தப் பகுதியை யந்திரத்தில் பதித்துக்கொண்டு, பிறகு யந்திரத்துக்குள்ளே அதை மறுபடி மெதுவாக்கினார்கள். அதனால் இரண்டரை விநாடிக்குள் ஏறக்குறைய 3.4 விநாடி இசை அடங்கியது. அதோடுகூட, நுட்பம் சிறிது குறைந்து, ஒலிக்கு ஒருவகைக் கரகரப்பும் புழுதி படிந்தாற்போன்ற கனமும் ஏறின. சிக்கனத்தின் விளைவாக வந்த அந்தக் கரகரப்பையே இன்று பலர் பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்களால் வரவழைத்துக்கொள்கிறார்கள். மறு ஆண்டு ரோஜர் லின் வடிவமைத்த எம்.பி.சி.-60 வந்தது, விரலால் தட்டி வாசிப்பதற்கு அதில் 16 ரப்பர்ச் சதுரங்கள் இருந்தன. 'பேடு' எனப்படும் அந்தச் சதுரங்கள் நாலுக்கு நாலாக அமைந்த வரிசையைத்தான் இன்றும் பல கருவிகளில் காண்கிறோம்.

ஆயிரக்கணக்கான ஒலிகளும் மணிக்கணக்கான இடமும் கைப்பேசிக்குள்ளேயே கிடைக்கும் இக்காலத்து மாணாக்கர், அந்தப் பத்து விநாடி நிபந்தனையைத் தாமே தமக்கு விதித்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரே ஓர் இசைத்தட்டை, அல்லது ஒரே ஒரு பழைய பதிவை எடுத்துக்கொண்டு, அதை ஆதிமுதல் அந்தம்வரை, வேறு வேலை ஒன்றும் செய்யாமல் கேட்க வேண்டும். குரல் நுழைவதற்கு முந்திய முன்னிசை, இரண்டு சரணங்களுக்கு நடுவே வரும் இடையிசை, பாட்டு அடங்கும்போது எஞ்சி நிற்கும் ஒற்றை வாத்தியம் ஆகியவை சாதாரண ரசிகர் கவனியாமல் விடும் இடங்கள். இக்கலைஞருக்கு அவையே புதையல். கலிபோர்னியாவைச் சேர்ந்த டி.ஜே. ஷாடோ என்பவர் சாக்ரமென்டோ நகரத்து இசைத்தட்டுக் கடை ஒன்றின் நிலவறையில் குவிந்து கிடந்த தட்டுகளைப் புரட்டிப் புரட்டிக் கேட்டு, 1996-இல் 'என்ட்ரோடியூசிங்' என்ற தொகுப்பை ஏறக்குறைய முழுவதும் சாம்பிள்களாலேயே ஆக்கினார். அந்த உழைப்பில் பெரும்பகுதி கேட்பதற்கே செலவாகியிருக்கும் என்று நம்புவதில் தடையில்லை.

பகுதியைத் தேர்ந்த பிறகு துண்டிக்கும் வேலை. பழைய பட்டுப்புடவையைப் பிரித்துக் குழந்தைக்குப் பாவாடை தைப்பவர், சரிகைக் கரை எங்கே வந்து அமைய வேண்டும் என்று தீர்மானித்த பின்னரே கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதுபோல, இங்கும் எந்த ஒலி முதல் அடியில் விழ வேண்டும் என்பது முன்னதாகவே மனத்தில் தெளிவாக வேண்டும். திரையில் அலையாகத் தெரியும் ஒலியைப் பெரிதாக்கிப் பார்த்து, அடி எழும் அந்த முனையிலேயே வெட்ட வேண்டும். அதற்கு முன்னால் சிறிது மௌனம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், வாசிக்கும்போது தாளம் பின்தங்கிவிடும். முடிவில், அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டாவிட்டால் 'டக்' என்ற சிறு சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுக்கொண்டே இருக்கும். இவ்விரண்டு விஷயங்களில் சிரத்தை இருந்தால் ஆரம்ப காலத்துப் பிழைகளில் பாதி நீங்கிவிடும்.

வேகத்தைப் பற்றிய கணக்கும் கடினமானதன்று. நிமிஷத்துக்கு 80 அடியாக உள்ள பகுதியை 90 அடியாக்க வேண்டுமானால், பழைய முறையில் அதை எட்டில் ஒரு பங்கு விரைவாக ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் சுருதியும் கூடவே ஏறி, ஷட்ஜம் இருந்த இடத்துக்குச் சதுச்ருதி ரிஷபம் வந்துவிடும். சுருதியை அசைக்காமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி இப்போது பல செயலிகளில் இருக்கிறது என்றாலும், வாத்தியத்தின் இயல்பான நாதம் அதில் சற்று வெளிறிப்போவதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம். வேகமும் சுருதியும் ஒன்றையொன்று இழுக்கும் பழைய முறையிலேயே முதலில் பயில்வது செவிக்கு நல்ல அப்பியாசம். பிறகு துண்டுகளைப் பதினாறு சதுரங்களில் வைத்து, மூலப் பாட்டில் அவை வந்த வரிசையை மறந்து, விரலால் தட்டித் தட்டிப் புது வரிசை ஒன்றைத் தேட வேண்டும்.

அடுத்தது தாளம். அதன் எலும்புக்கூடு எளியது: நான்கு அடிகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் காலால் மிதிக்கும் கனத்த 'கிக்', இரண்டாவதற்கும் நான்காவதற்கும் பளீரென்று விழும் 'ஸ்னேர்', இவற்றுக்கிடையே இடைவிடாது ஒலிக்கும் 'ஹை-ஹாட்' என்னும் ஜால்ரா. இதை அமைக்க ஐந்து நிமிஷம் போதும். உயிர் வருவது, அந்த ஜால்ரா எந்தக் கணத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து. விரல் தவறித் தட்டியதை யந்திரம் தானாகவே சரியான கட்டத்தில் நிறுத்திவிடும் வசதிக்குக் 'குவாண்டைஸ்' என்று பெயர். அதை முழுமையாகப் பிரயோகித்தால் தாளம் சுத்தமாகவும் சவமாகவும் ஆகிவிடும். இதற்குப் பரிகாரமாக லின் தம் யந்திரத்தில் 'ஸ்விங்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்: ஜோடியாக வரும் இரண்டு சிறு அடிகளில் இரண்டாவதைச் சற்றுப் பிந்தி விழச் செய்வது. 50 என்று வைத்தால் இரண்டும் சமம். 66-ஐ நெருங்கினால் நம் சங்கீத வித்வான்கள் திஸ்ரம் என்று சொல்லும் மும்மைக் கணக்குக்கு வந்துவிடும். இடைப்பட்ட எண்களில்தான் மனிதர் நடக்கும் நடை இருக்கிறது. டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லா என்ற கலைஞர் இந்த ஏற்பாட்டையும் தாண்டி, யந்திரத்தின் திருத்தத்தையே பல இடங்களில் நிறுத்திவிட்டு, கிக் ஒரு பக்கம் முந்தவும் ஸ்னேர் ஒரு பக்கம் பிந்தவும் விட்டு, தள்ளாடுவதுபோல் தோன்றியும் விழாத ஒரு லயத்தைக் கண்டார். 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி, தம் 32-ஆம் பிறந்த நாளில், 'டோனட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டு, மூன்றாம் நாள் அவர் மறைந்தார். அவர் கையாண்ட எம்.பி.சி. யந்திரம் வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்கச் சரித்திரத்துக்கான தேசியக் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சங்கீத வாத்தியத்துக்குரிய மரியாதை அதற்குக் கிடைத்தது முற்றிலும் நியாயம்.

பாடுபவரின் குரலுக்கு இடம் விட வேண்டும் என்பதையும், சாம்பிளில் உள்ள தாழ்ந்த ஒலிகளை 'ஃபில்டர்' கொண்டு நீக்கிவிட்டுத் தாமே ஒரு பாஸ் வரியை வாசித்துச் சேர்த்தால் இசைக்கு நிலைபேறு வரும் என்பதையும் இங்கே குறிப்பிட்டால் போதும்.

இனி, கடனைப் பற்றி. 1991-ஆம் ஆண்டில், கில்பர்ட் ஓ'சல்லிவன் என்பவருடைய பாட்டின் பகுதியை அனுமதியின்றி எடுத்ததற்காக பிஸ் மார்க்கி என்ற கலைஞர்மீது நடந்த வழக்கில், நியூயார்க் நீதிபதி விவிலியத்துக் கட்டளை ஒன்றை முதல் வரியாக வைத்தே அவருக்கு எதிராக உத்தரவிட்டார். அன்றுமுதல் அனுமதி பெறாத சாம்பிளை வெளியிடப் பெரிய கம்பெனிகள் அஞ்சின. ஒரு பதிவில் இரண்டு உரிமைகள் உண்டு என்பதை மாணாக்கர் அறிய வேண்டும்: மெட்டையும் சொல்லையும் ஆக்கியவர் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு நிற்கும். இசையமைப்பாளர், கவிஞர் ஆகியோரின் உரிமையோ அவர்கள் மறைந்த பின்னும் 60 ஆண்டு தொடரும். ஆகவே பழைய தட்டு என்பதனாலேயே அது பொதுச் சொத்தாகிவிடாது. அமெரிக்காவில் 1923-க்கு முந்திய ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி முதல் தேதியில் பொதுவுடைமையாயின. அங்குள்ள காங்கிரஸ் நூலகம் 2020-இல் தொடங்கிய 'சிட்டிசன் டி.ஜே.' என்ற திட்டம், அச்சமின்றி எடுத்தாளத்தக்க பழைய ஒலிகளைத் தேடிக் கேட்டு, இருந்த இடத்திலேயே துண்டித்துப் பார்க்கவும் வழி செய்திருக்கிறது. ஆரம்ப மாணாக்கருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் நம் இசையும் சேர்ந்திருக்கிறது. இளையராஜா 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துக்கு அமைத்த இசையிலிருந்து பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 2003-இல் ஒரு பகுதியை எடுத்தார்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய எம்.ஐ.ஏ. 2007-இல் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டை எடுத்தாண்டார். தொலைதூரத்தில் ஒருவர் நம் டோலக்கையும் பறையொத்த தாளங்களையும் கூர்ந்து கேட்டார் என்பதில் நமக்குப் பெருமை உண்டாவது இயல்பே. அப்பெருமைக்கு உரிய கலைஞர்களுள் பெயர் தெரியாத வாத்தியக்காரர்களும் அடங்குவர். 'ஆமென், பிரதர்' என்ற 1969-ஆம் ஆண்டுப் பாட்டில் ஏழு விநாடி அளவே டிரம்ஸைத் தனியே வாசித்த கிரெகரி கோல்மன், உலகத்திலேயே மிகுதியாக எடுத்தாளப்பட்ட தாளங்களுள் ஒன்றைத் தந்தவர். 2006-இல் அவர் வீடற்ற ஏழையாக மறைந்தார் என்று அவருடைய குழுத் தலைவர் தெரிவித்தார். 2015-இல் ஆங்கில நாட்டு ரசிகர்களின் முயற்சியால் 24,000 பவுண்டு திரண்டு, அந்தத் தலைவரிடம் சேர்ந்தது. கோல்மனுக்கு அதுவும் எட்டவில்லை.

ஆகையால், இக்கலையில் இறங்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பீட்டை அமைக்கும் நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் நேரே, பாட்டின் பெயர், வெளிவந்த ஆண்டு, இசையமைத்தவர், முடிந்தவரை தேடிக் கண்டுபிடித்து அந்தப் பகுதியை வாசித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பீட்டைப் பிறருக்குக் கேட்கக் கொடுக்கும்போது அந்தப் பெயர்களையும் சேர்த்துக் கொடுங்கள். விற்பதானால் முதலில் அனுமதி கேளுங்கள்.