கசகசா அளவு உண்ணி

கசகசா டப்பாவைத் திறந்து ஒரே ஒரு மணியை எடுத்து, முழங்காலின் பின்மடிப்பில் ஒட்டிப் பாருங்கள். கண்ணாடி போட்டுத் தேடினாலும் சட்டென்று அகப்படாது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், குறிப்பாக மே முதல் ஜூலை வரை, லைம் நோயைப் பரப்பும் இளம் உண்ணி அவ்வளவுதான் இருக்கும். கடித்தால் வலிக்காது. நம்மூர் நாயின் காதில் கொழுத்துத் தொங்குகிற உண்ணியை மனத்தில் வைத்துத் தேடினால் இது கண்ணில் படவே படாது.

நியூ ஜெர்சி, கனெக்டிகட் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் பலர் கோடையில்தான் போகிறார்கள். வேலியோரம் கீரைப் பாத்தி போடுவார்கள், பேரக்குழந்தையோடு மரத்தடிச் சருகில் விளையாடுவார்கள். உண்ணி காத்திருப்பதும் அங்கேதான்.

நோய்க்குப் பெயர் தந்ததே கனெக்டிகட்டின் லைம் ஊர். பாலி மர்ரே என்ற ஓவியர் தன் வீட்டாருக்கு வந்த மூட்டு வீக்கத்தையும் தடிப்பையும் பல ஆண்டுகள் சொல்லிப் பார்த்தார். மருத்துவர்கள் நம்பவில்லை. அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு இப்படி என்று பட்டியல் எழுதி 1975இல் மாநில சுகாதாரத் துறையிடம் போனார். ஆய்வாளர் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணிக்குள் இந்த நோயின் கிருமியைக் கண்டது 1981இல்.

இதில் எனக்குத் தீராத ஆற்றாமை ஒன்று உண்டு. கடித்த 3 முதல் 30 நாளுக்குள், 100 பேரில் 70, 80 பேருக்குத் தோலில் வட்டத் தடிப்பு வரும். "சிவந்த வட்டம், நடுவே புள்ளி" என்று காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் அது சிவப்பாகவே தெரியாமல் போகலாம். எங்கோ இடித்துக் கன்றியதுபோல மங்கிய ஊதாவாகவோ பழுப்பாகவோ இருக்கும். நடுப்புள்ளியும் பலருக்கு இருக்காது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இந்த நோய் மூட்டைத் தாக்கிய பிறகே கண்டுபிடிக்கப்படுவது அதிகம் என்றால், காரணங்களில் இதுவும் ஒன்று. ஆகவே நிறத்தை நம்பாதீர்கள், பரவுகிறதா என்று பாருங்கள். தடிப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதி, தினமும் போட்டோ எடுங்கள். கோட்டைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தடிப்பு வந்த புதிதில் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் "இல்லை" என்றே காட்டும், எதிர்ப்புப் பொருள் உருவாகச் சில வாரம் ஆகும் என்பதால். தடிப்பைப் பார்த்தே மருந்து தொடங்கலாம். டாக்சிசைக்ளின் 10 முதல் 14 நாள் சாப்பிட்டால் பெரும்பாலானோர் முழுக்கக் குணமாகிறார்கள். விட்டுவிட்டால் முகம் ஒருபக்கம் கோணலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம், சில மாதம் கழித்து முட்டி வீங்கலாம். அறுபதைத் தாண்டியவருக்கு முட்டி வீங்கினால் "வயசாச்சுல்ல" என்று வீடே சொல்லிவிடும். அதுதான் பயமாக இருக்கிறது.

உண்ணி கடித்தபடி இருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீக்குச்சி, எண்ணெய், நகப்பூச்சு எதுவும் வேண்டாம். கிருமி உடலுக்குள் இறங்கப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும். அதனால் வெளியே போய் வந்ததும் குளித்து, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் தடவிப் பார்ப்பதே பெரிய காப்பு. ரொம்ப நேரம் ஒட்டியிருந்த உண்ணி என்றால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே வேளை டாக்சிசைக்ளின் தரலாமா என்று கேளுங்கள்.

ஆங்கிலம் வராதே என்று அம்மா வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் கட்டணமில்லாமல் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும், தொலைபேசியிலாவது. சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. ஊர் திரும்பியபின் காய்ச்சலோ தடிப்போ வந்தால் அந்த நகலையும் போட்டோக்களையும் இங்குள்ள மருத்துவரிடம் காட்டி, எந்த மாதம் எந்த ஊரில் புல்லில் நடந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இங்கே யாருக்கும் லைம் நோய் நினைவுக்கு வராது.