காப்பாரற்ற நாய்களைக் காத்தல்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் மீனவர் ஊர்கள் பல உள்ளன. கலங்கரை விளக்கத்தை அடுத்து அமைந்த ஊர் லைட்ஹவுஸ் குப்பம் எனப் பெயர் பெற்றது. இத்தகைய கடற்கரை ஊர்களில் மனிதரோடு நாய்களும் வாழ்கின்றன. வலையை உதறும்போது சிதறும் சிறு மீனும், கருவாடு உலர்த்துமிடத்துக் கழிவும் அவற்றுக்கு உணவாகும். ஆயினும், எவ்வீட்டுக்கும் உரியன அல்லாத நாய்கள் பெருகுமிடத்தில் துன்பமும் பெருகுகிறது. தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடும் கடலாமைகளின் குழிகளைப் பசித்த நாய்கள் தோண்டி அழிக்கின்றன; தெருவில் விளையாடும் சிறுவர் கடியுண்டு வருந்துகின்றனர். குப்பத்துக்கும் மாநகருக்கும் பொதுவான இத்துன்பத்தை நீக்கும் வழி யாது?

நாய் தமிழர்க்குப் புதிய துணையன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், ஆநிரை கவர வந்தவரோடு போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. அவ்வீரன் உருவத்தின் அருகே அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் புரிந்தது என்றும் அக்கல்லெழுத்துக் கூறுகிறது. வீரனுக்கு எடுத்த கல்லில் நாய்க்கும் இடமளித்த முன்னோரின் நன்றியுணர்வு போற்றத்தக்கதன்றோ!

அத்தகைய விலங்கு தெருவில் அலைவது ஏன்? நாய் காட்டில் தானே இரைதேடி வாழ்ந்த நிலையை விட்டுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. மனிதரை அண்டி வாழ்தலே அதன் இயல்பாயிற்று. அதனை விரும்பி வளர்ப்போர் சிலர், அது மூப்புற்றபோதோ நோயுற்றபோதோ, வீடு மாறிச் செல்லும்போதோ தெருவில் விட்டுவிடுகின்றனர். பெண் குட்டி வேண்டாம் என்று சாக்கில் கட்டிக் குப்பைமேட்டில் எறிவோரும் உளர். ஒரு பெண் நாய் ஏறத்தாழ 63 நாள் கருவைச் சுமந்து, ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனும். ஓராண்டில் இரு முறையும் ஈனக்கூடும். இவ்வாறு ஒருவரது பொறுப்பின்மை ஊருக்கே சுமையாகிறது.

முற்காலத்தில் இதற்குக் கண்ட வழி கொலையே ஆகும். சென்னை நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் தோன்றி, நூறாண்டுக்கு மேலும் நீடித்தது. ஆயினும், நாய்கள் குறைந்தபாடில்லை. காரணம் எளிது. தெருவில் கிடக்கும் உணவு அங்கேயே இருக்கும். ஒரு நாய் ஒழிந்த இடத்துக்கு அடுத்த தெருவின் நாய் வந்து சேரும். எஞ்சியவை குட்டிகளை ஈன்று பெருகும். புதிதாய் வந்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும் இராது. ஆதலின், கொலையால் நாய்க்கும் நலமில்லை, மக்களுக்கும் காவலில்லை.

வேறு வழியைக் காட்டியவர்கள் சென்னையில் வாழ்ந்த விமானி வி. சுந்தரமும் அவர்தம் துணைவியார் உஷா சுந்தரமும் ஆவர். உஷா அம்மையாரும் விமானம் ஓட்டுவதில் வல்லவர். 1959ஆம் ஆண்டில், மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைச் சுந்தரம் மீட்டுத் தம் இல்லத்துக்குக் கொணர்ந்தார். அச்சிறு செயலிலிருந்து ‘புளூ கிராஸ்’ என்னும் விலங்குநல அமைப்பு வளர்ந்தது. கொல்வதற்கு மாறாக, நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசியும் இடுதல் வேண்டும் என்று அவ்வமைப்பினர் 1960களிலிருந்தே வலியுறுத்தினர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் தளராது எடுத்துரைத்ததன் பயனாக, 1996ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி இம்முறையை மேற்கொண்டது. 2001ஆம் ஆண்டில் நடுவண் அரசும் இதற்கென நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. 2023ஆம் ஆண்டில் அவை புதுப்பிக்கப்பட்டன.

இம்முறையில் நாயை வலைகொண்டு பிடித்து, மருத்துவமனையில் அறுவை செய்து, புண் ஆறும்வரை பேணுவர். வெறிநோய்த் தடுப்பூசியும் இடுவர். பின்னர் அடையாளமாகக் காதின் ஓரத்தில் சிறு வெட்டு இடுவர். தெருவில் அத்தகைய காதுடைய நாயைக் காண்போர், அது அறுவை செய்யப்பட்டது என அறியலாம். ஓரூரின் நாய்களில் 100க்கு 70 நாய்களேனும் தடுப்பூசி பெற்றிருப்பின் வெறிநோய் பரவுவது தடைப்படும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. மனிதர்க்கு வரும் இந்நோயில் மிகப் பெரும்பகுதி நாய்க்கடியாலேயே வருவது. நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே, கடியுண்டவர் புண்ணைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி இட்டுக்கொள்ளல் வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் காலங்கடத்துதல் உயிருக்கே கேடாகும்.

தாயற்ற குட்டிகளும், முன்னர் வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட நாய்களும் தெருவில் நெடுநாள் பிழைப்பது அரிது. அவற்றுக்கு வேண்டுவது ஓர் இல்லம். விலங்குக் காப்பகங்கள் இவற்றைப் பேணி, விரும்புவோர்க்கு வளர்க்கக் கொடுக்கின்றன. நாட்டு நாய் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற உடலமைப்பினது. விலைகொடுத்து வாங்கும் குளிர்நாட்டுச் சாதிநாயினும் அதனை வளர்ப்பது எளிது. அன்பிலும் காவலிலும் அது குறைந்ததன்று. ஆயினும், குட்டியின் அழகு கண்டு எழும் ஆசை மட்டும் போதாது. நாய் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. வீட்டார் அனைவரும் இசைந்தனரா, நாள்தோறும் உணவும் நீரும் அளிக்க இயலுமா, வெளியூர் செல்லும்போது பார்த்துக்கொள்பவர் யார், மருத்துவச் செலவைத் தாங்க முடியுமா என்பவற்றை முன்னரே எண்ணித் துணிதல் வேண்டும். எண்ணாது ஏற்றவர் பின்னர் அதனைத் தெருவில் விடுவராயின், முன்பு செய்த உதவியும் தீங்காய் முடியும்.

அவ்வாறு கைவிடுதல் குற்றமுமாகும். கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் உறுப்பினராய் இருந்தபோது, விலங்குவதைத் தடுப்புக்காக ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1960ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதை அச்சட்டம் குற்றமெனக் கூறுகிறது.

நாயிடம் காட்டும் இரக்கமும் மக்களது பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரு பிடி சோறிடுவது நல்லதே. ஆனால், சோறிட்ட நாய்க்குத் தடுப்பூசியும் அறுவையும் கிட்டச் செய்வதே நிறைந்த அருளாகும். மாணவர் செய்யத்தக்கனவும் உள. உணவுக் கழிவைத் தெருவில் எறியாதிருத்தல், உறங்கும் நாயையும் குட்டியீன்ற நாயையும் சீண்டாதிருத்தல், கல்லெறிவோரைத் தடுத்தல், அடிபட்ட நாயைக் கண்டால் தாமே தொடாமல் பெரியோர்க்கும் கால்நடை மருத்துவர்க்கும் அறிவித்தல் ஆகியன அவை. வாய்விட்டுக் கேட்க அறியாத உயிரின் துன்பத்தைத் தாமே உணர்ந்து நீக்குவோரே சான்றோர் ஆவர்.